பதினோரு ‘சரிங்க’

“பாத்தியா, மறுபடியும் ‘சரிங்க’ன்னுட்டே!”

“நீ சொன்னதுக்குத்தான் சரின்னேன் கண்ணு. ஆப்பீசருக்குச் சொல்லலே.”

“இப்ப நான்தாம்மா ஆப்பீசர்.”

“சரிங்க ஆப்பீசர்.”

பால் சொசைட்டிக் கட்டடத்துக்குள் இருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். அம்மாவிடம் ஆப்பீசராக நடித்துக்கொண்டிருந்த மதிவதனிக்கும் சிரிப்பு வந்தது. மணி ஒன்பதாகிவிட்டது. பதினொன்றுக்குக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். சாய ஆலை தன்னை மூன்று மடங்கு பெரிதாக்கிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தது. பீளமேட்டுக் கம்பெனியில் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து, அவள் இந்த ஊருக்கு ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்: வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு முன் ஆலைக்காரர்களே ஊரில் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினார்கள். மேனேஜர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சனம் ‘சரிங்க, சரிங்க’ என்று கேட்டுக்கொண்டது. இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு, காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதற்கு மேல் பொருளில்லை. ஒருவர் பேசும்போது எதிரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மரியாதைக் குறைவு. ஆலை அதையெல்லாம் வீடியோ எடுத்து, நாற்பத்து மூன்று பேர் சம்மதம் என்று அதிகாரிகளுக்கு எழுதி அனுப்பிவிட்டது. அந்த வீடியோவில் மதிவதனியின் அம்மா பழனியாத்தாள் மட்டும் பதினோரு தடவை சொல்கிறாள். பதினோராவது தடவை கொட்டாவியோடு.

காலனி போர்வெல் தண்ணீர் ஆலைக் கழிவு இறங்கிப் போன வருசமே சோப்பு மாதிரி வழுவழுத்துப் போயிற்று. இப்போது காலனியும் தோட்டத்து வீடுகளும் குடிப்பது தோட்டக்காரர் திருமூர்த்தியின் கிணற்றிலிருந்துதான். அந்தக் கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் புதிய கழிவுக்குட்டை வரப்போகிறது. அதுவும் போனால் வேறு கிணறு கிடையாது. அதனால்தான் திருமூர்த்தி முதலில் பேச வேண்டும் என்று அவள் திட்டம் போட்டிருந்தாள். நிலம் வைத்திருப்பவர் சொன்னால்தான் காதில் ஏறும். நிலமில்லாத தன் அம்மா சொன்னால் ஏறாது என்று முடிவு கட்டியது தானேதான் என்பது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

“ஊடு தேடி வந்தவங்கள மூஞ்சில அடிச்சாப்பல பேசிப் பழக்கமில்லே அம்மணி,” என்றார் திருமூர்த்தி.

“கெணறு போயிருமுங்க ஐயா.”

“தெரியுது. சொல்லிப்போடறேன்.”

பேருந்தில் ஊருக்கு வரும் வழியெல்லாம் அவள் ஒரு கனவு கண்டிருந்தாள். மண்டபத்தில் ஒருவர் பின் ஒருவராக அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். தகரக் கூரையில் முதல் துளிகள் விழுவதுபோலத் தொடங்கி, பிறகு வேறெதுவும் கேட்காதபடி பெய்கிறது.

மண்டபத்தில் திருமூர்த்தி மைக்கைப் பிடித்தார். கிணற்றைப் பற்றி இரண்டு வரி சொன்னார், நன்றாகவே சொன்னார். அதற்குள் மேனேஜர் மேடையில் எழுந்து நின்று கைகூப்பினார்.

“மாமா, நீங்க நின்னு நான் உக்காந்திருக்கறது நல்லாவா இருக்குது? உங்க கெணத்துக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேனுங்க. நீங்க உக்காருங்க.”

“சரிங்க,” என்றார் திருமூர்த்தி.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. உதட்டைத் துடைத்துக்கொண்டார், அங்கே ஏதோ ஒட்டியிருப்பதுபோல. மேசையோரம் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் அதையும் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அதிகாரி, “அடுத்து யாருங்க?” என்றார்.

அடுத்து வந்த கனகம், “பாத்துச் செய்யுங்க,” என்றாள். சென்னியப்பன் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். மதிவதனி தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைத் தூக்கிக் காட்டினாள். “எழுத்துல குடுத்துருங்கம்மா” என்று வாங்கி, ஒரு கட்டுக்கு அடியில் வைத்தார்கள். பேசப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலில் மிச்சமிருந்தது ஒரே பெயர்.

பழனியாத்தாள் மைக்கைத் தொடவில்லை. அது அவள் நெற்றி உயரத்தில் நின்றது.

“ஏனுங்க சார், என்ற புள்ள பத்து நாளா ஒரு வார்த்தை சொல்லிக்குடுத்துச்சுங்க. வாயில நிக்க மாட்டேங்குது. நாங்க சரிங்கன்னா, காதுல உழுந்துச்சுன்னு அர்த்தமுங்க. ஒத்துக்கிட்டோம்னு இல்லீங்க. அந்தத் தண்ணியும் போச்சுன்னா நாங்க எங்கீங்க போறது?” அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “உங்களுக்கு மரியாதையும் கொறையக்கூடாது, நாங்க ஒத்துக்கலேன்னும் நீங்க எழுதிக்கோணும். அதுக்கு எப்படிச் சொல்லோணும்னு நீங்களே சொல்லிக்குடுங்க. அப்படியே சொல்லிப்போடறேனுங்க.”

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே அப்படியே நின்றன. அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். பழனியாத்தாள் மேடையை நோக்கிக் காதைச் சாய்த்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப்போல வாயை லேசாகத் திறந்து, திருப்பிச் சொல்லத் தயாராக நின்றாள்.