சவுனாவில் பின்தங்கும் கடிகாரம்

1

இந்தக் கதை நான் துண்டோடு நடைவழியில் நின்றபோது வந்தது. கனவில் வந்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் கட்டிடத்துக்கு நிலவறையில் ஒரே சவுனா, நீராவிக் குளியலறை. சனிக்கிழமை ஆளுக்கு ஒரு மணி நேரம். தாவெத்திக்கு ஐந்து, ஹில்காவுக்கு ஆறு, எனக்கு ஏழு. அவன் பிந்தினால் அவள் பிந்துவாள். அவள் பிந்தினால் குளிரில் நிற்பது நான்.

2

முதல் தொடக்கம்: "பனி மெல்ல விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை..." வேண்டாம். பனி இங்கே விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

இரண்டாவது: "தாவெத்தி கெட்டவன் இல்லை, ஆனாலும்" (இதையும் விட்டுவிட்டேன். எனக்கே தெரியாததை எப்படி முடிக்க?)

மூன்றாவது நிற்கட்டும்: உடைமாற்றும் அறையில் மாட்டியிருக்கும் கடிகாரம் தாவெத்தி கையால் செய்தது. நகத்தளவு மைக்ரோகண்ட்ரோலர் சிப், நாலு சிவப்பு எண்கள். நீராவிக்குள் கிடந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், அவை தண்ணீருக்கடியில் எரிவதுபோலத் தெரியும். இன்னும் ஆறாகவில்லை என்று அவை சொல்லும்போதே ஹில்கா கதவைத் தட்டுவாள்.

"தாவெத்தி, உசுரோட இருக்கியா, வெந்துட்டியா?"

"கடிகாரத்தப் பாரு. இன்னும் ஆறு ஆகல."

"அதுவும் உன்ன மாதிரிதான். சூடு பட்டா நகராது. என் நேரத்தத் திருடத்தான் இந்தப் பொட்டிய நீ செஞ்சேன்னு கட்டிடக் கூட்டத்துல சொல்லப் போறேன், பாத்துக்க."

எங்களிடையே ஒருவனைக் குடிகாரன் என்று சொல்லலாம். அடுத்தவர் சவுனா நேரத்தைத் தின்றவன் என்றால் மாடிப்படியில் யாரும் முகம் பார்க்க மாட்டார்கள். அவனுடைய ஐந்து மணியும் போய்விடும்.

3

தாவெத்தி கடிகாரத்தைக் கழற்றித் தன் சமையலறை மேசையில் வைத்து, வானொலி மணியோடு ஒப்பிட்டான். பிசகவே இல்லை. கொண்டுபோய் மாட்டினால், சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி பின்தங்கல்.

மேசையில் வைத்துப் பார்த்ததுதான் தப்பு என்று பிறகு உறைத்தது. துண்டில் சுற்றிச் சவுனாவுக்குள்ளேயே தூக்கிப் போனான். கீழ்ப்பலகையில் அம்மணமாக உட்கார்ந்தான். மடியில் கைக்குழந்தைபோலக் கடிகாரம், கையில் சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். சூடான கல்லில் ஊற்றிய தண்ணீர் சீறியது. வெண்ணிற ஆவிக்குள் சிவப்பு எண்கள் மெல்ல மெல்லச் சோம்பின. தூக்கத்தில் மூச்சு நீளுமே, அந்த மாதிரி.*

(* நேரத்தைச் சீராக வைக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் வைக்காமல் சிப்புக்குள் இருக்கும் துடிப்பையே நம்பியிருக்கிறான். அந்தத் துடிப்பு சூட்டுக்கு மாறும். அவன் அதைச் சமையலறைக் குளுமைக்குத்தான் திருத்தியிருந்தான்; சவுனா எரியும்போது உடைமாற்றும் அறையும் சூடாகிவிடும். கடையில் விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

4

ஒரு கிரிஸ்டல் வாங்கிச் சிப்போடு பற்றவைத்தான். அடுத்த சனிக்கிழமை ஆறுக்குச் சரியாக ஆறு காட்டியது. அவன் உடுத்திக்கொண்டு வெளியே வர, ஹில்கா படியிறங்கி வந்தாள்.

"என்னப்பா, திருந்திட்டியா?"

"கடிகாரம் திருந்திருச்சு."

"ம்."

அவ்வளவுதான். கூட்டத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கதவை யாரும் தட்டவும் இல்லை. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் மேல்பலகையில் கிடந்தவன் எண்களைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். (கண்ணாடி வழியாக நான் பார்த்தேனா? இல்லை. அவனுக்குள் போய் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இங்கேயே முடித்திருக்கலாம். போன சனிக்கிழமை கடிகாரம் மறுபடி பின்தங்கியது.

"தாவெத்தி, வெந்துட்டியா?"

"இன்னும் ஆறு ஆகல, ஹில்கா."

கூட்டத்தைப் பற்றி இந்தத் தடவை அவள் பேசவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சிரிப்பு. நடைவழியில் நான், துண்டோடு.

5

என் முறை வந்ததும் கடிகாரத்தின் முன் நின்றேன். பின்மூடிக்கு நாலு திருகாணி. உள்ளே கிரிஸ்டல் இல்லையென்றால் தாவெத்தி பிடுங்கியிருக்கிறான். இருந்தால், யாரோ பொத்தானை அழுத்தி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். சனிக்கிழமை பகலில் அந்த அறையைக் கூட்டுவது ஹில்கா.

நான் இரண்டு பேரையும் நம்பவில்லை. ஆனாலும் மூடியைத் தொடவில்லை. திருப்புளி பெஞ்சுக்கடியில் இருக்கிறது. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் நீங்கள் திறந்து பாருங்கள். என் நேரம் ஏற்கெனவே பாதி போய்விட்டது, நான் உள்ளே போகிறேன்.