ஆதவன் தலைக்குள் ஒரு நாற்காலி

ஆதவன் பிறந்த மூன்றாம் மாதத்தில் எடுத்த தலை ஸ்கேனில், மூளையின் நடுவே நீர் தங்கும் அறைக்குள் அவனுடைய பெரியப்பா மருதப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அதே நேரத்தில் வெளியே இருந்த மருதப்பன் சிங்கப்பூரின் ஆங் மோ கியோ காப்பிக்கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆள் ஒரு கிலோகூடக் குறையவில்லை. இப்படிப்பட்டவர்கள் தங்களுடையது எதையும் இழக்காமல்தான் அடுத்தவர் தலைக்குள் போவார்கள்.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு இன்னும் மூடாத உச்சிக்குழியில் கருவியை வைத்தால் உள்ளே இருப்பது திரையில் வரும். டாக்டர் நசீர் திரையைச் சுட்டிக்காட்டி, "இது ரத்தக்கசிவு இல்லம்மா, ஆளு. சொந்தக்காரரா?" என்றார். வீட்டுக்காரரின் அண்ணன் என்றாள் ஆதவனின் அம்மா சந்திரமதி. "வழிய மறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. தண்ணி வடியல, அறை வீங்குது. ஆபரேஷன் பண்ணா தண்ணிய எடுக்கலாம், இவர எடுக்க முடியாது. ஒன்றரை வயசு வாக்குல உச்சி மூடிடும். அதுக்குள்ள அவராதான் வெளிய வரணும்."

எப்படி நுழைந்தார் என்பது சந்திரமதிக்குத் தெரியும். ஞாயிறுதோறும் செங்காங்கில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் உச்சியில் கட்டைவிரலை வைத்து, வாயை அங்கேயே கொண்டுபோய், எந்தப் பள்ளி, எந்த டியூஷன், எப்போது டாக்டராவது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அவர் வெட்டி முறித்ததெல்லாம் இருபது வருடமாக ஏதோ ஒரு சங்கத்தின் செயற்குழுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். "அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்வாரு லா," என்றான் அவள் கணவன் சுந்தரம். சுந்தரத்தின் உச்சி, அண்ணனை உள்ளே வைத்தே எப்போதோ மூடிக்கொண்டது. அதற்கு ஸ்கேன் தேவையில்லை. சட்டை வாங்குவதற்குக்கூட அண்ணனுக்கு போன் போடும் அவனைப் பார்க்கும்போதெல்லாம், மகனும் இப்படித்தான் ஆவானோ என்று அவள் பிள்ளையின் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள்.

மருதப்பன் வீட்டுக்கு வருவதை நிறுத்திப் பார்த்தாள். உள்ளே இருந்தவர் அசையவில்லை. உச்சியில் வாய் வைத்துக் கெஞ்சிப் பார்த்தாள். அடுத்த ஸ்கேனில் அவர் முன்னால் ஒரு மேசையும் பூச்சாடியும் வந்திருந்தன. பிள்ளையின் தலை பெரிதாகிக்கொண்டே போனது, கண்கள் கீழே சரிந்தன. அப்போதுதான் அந்த மனிதர் எதற்கு எழுந்திருப்பார் என்று அவளுக்கு உறைத்தது.

ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியைப் பிடித்தாள். ஒரே ஒரு சாயங்காலப் பாராட்டு விழாவுக்காக ஒரு நற்பணிப் பேரவையை உண்டாக்கினாள். கேம்பல் லேன் கடைகளில் இருப்பதிலேயே பளபளப்பான பொன்னாடையை வாங்கினாள். பிரியாணி என்றதும் கூட்டமும் தானாக வந்தது. குலப்பெருமைச் செம்மல் மருதப்பனை மேடைக்கு அழைக்கிறோம் என்று மைக்கில் சொன்ன மறுகணம், அவள் மடியில் கிடந்த ஆதவன் ஒரு தும்மல் போட்டான். உச்சிக்குழியிலிருந்து கட்டைவிரல் உயரத்தில் ஒருவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினார். மேடையில் பெரிய மருதப்பனும் சின்ன மருதப்பனும் ஒருவரையொருவர் முந்தித் தள்ளினார்கள். பொன்னாடை இருவர் மேலும் விழுந்தது, விலக்கியபோது ஒருவர்தான் இருந்தார். பிரியாணிச் சட்டியைத் திறந்துவிட்டதால் யாரும் இதைக் கவனிக்கவில்லை. அந்தப் பொன்னாடையை அவர் சலவைக்குக்கூடப் போடாமல் இன்றும் போர்த்திக்கொண்டு திரிகிறார்.

நீர் மெல்ல வடிந்தது, கண்கள் நிமிர்ந்தன, ஆதவன் தவழ்ந்தான், நடந்தான். உச்சி மூடும் தறுவாயில் எடுத்த கடைசி ஸ்கேனில் மேசையும் பூச்சாடியும் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது. அதில் ஒரு பெண் ஆள்காட்டி விரலை உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர், நானா அது?"

"ஆமா. அம்மா இருக்கறது நார்மல்தான், எல்லாப் புள்ளைக்கும் இருக்கும். தண்ணிய மறிக்காம கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க," என்று சொல்லி, கருவியை எடுக்காமலே நசீர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

இத்தனை காலம் மருதப்பனைக் காறித் துப்பாத குறையாகப் பார்த்தவளுக்கு முகம் சுண்டிப்போனது. குனிந்து, மகனின் உச்சியில் வாய் வைத்துச் சொன்னாள். திரையில் இருந்தவள் நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். விரலை மட்டும் மடக்கவில்லை. அடுத்த வாரம் உச்சி மூடியது.