எதுல ஜாஸ்தி?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று வாப்பா சொல்வார். சந்தோஷமும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்பது, நான் கும்மிடிப்பூண்டியில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது.

அது 2007. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து ரயில். சிப்காட் ஷிப்டுக்குப் போகிற கூட்டத்தில் யாருடைய டிபன் கேரியரோ விலாவில் இடிக்க, நின்றபடியே குழந்தை வளர்ச்சிப் பாடத்தைப் படிப்பேன். மற்றப் பாடங்களுக்கு எனக்குக் கொட்டாவிதான் வரும். இதை மட்டும் வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி படித்தேன். கிலுகிலுப்பையைத் துணி போட்டு மூடினால், அது உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது என்று கைக்குழந்தை நினைக்குமாம்! இவ்வளவு பெரிய சேதியை இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொல்லாமல் இருந்துவிட்டார்களே என்று ஆத்திரம்கூட வந்தது.

அதிலும் ஒரு சோதனை என்னைப் பைத்தியமாக்கியது. ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் ஒரே அளவு தண்ணீர் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று குழந்தை ஒப்புக்கொள்ளும். பிறகு அதன் கண் முன்னாலேயே ஒரு கிளாஸ் தண்ணீரை ஒல்லியான, உயரமான கிளாஸுக்கு மாற்றி, இப்போது எதில் அதிகம் என்று கேட்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை உயரமான கிளாஸைக் காட்டும். ஏழு வயதுவாக்கில்தான் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்ல வரும். சுவிட்சர்லாந்தில் யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தது.

சுவிட்சர்லாந்துப் பிள்ளைகள் சொன்னால் பழவேற்காட்டுப் பிள்ளைகளும் சொல்ல வேண்டுமா என்ன? அன்று சாயங்காலமே வாப்பாவின் கூல் பாரிலிருந்து கிளாஸ்களை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு சஹாபுதீனைப் பிடித்து உட்கார வைத்தேன். வயது ஐந்து. தண்ணீரை மாற்றி ஊற்றிக் கேட்டேன்.

"ஒசரமா கீதே, அதுலதான் ஜாஸ்தி" என்றான், இது ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவன் கண்ணெதிரே ஊற்றியிருக்கிறேன். ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. ஆனாலும் அவனுக்கு அதிகம்! அவன் தலைக்குள் வேறொரு உலகம் நடக்கிறது, அதை நான் எட்டிப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு தெருவில் ஒரு குழந்தையையும் விடவில்லை. "கிளாஸெல்லாம் எங்கம்மா? ஃபலூடாவைக் கைல ஊத்திக் குடுக்கவா?" என்று வாப்பா கடையிலிருந்து கத்துவார்.

இந்த நிலையில்தான் செய்முறைத் தேர்வு வந்தது. ஒவ்வொரு மாணவியும் ஒரு குழந்தையை அழைத்து வந்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் சோதனையைச் செய்து காட்ட வேண்டும். முடிவை முன்கூட்டியே ரெக்கார்டு நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். குழந்தை சொல்வதும் ரெக்கார்டும் ஒத்துப்போகாவிட்டால் ஃபெயில் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பயம் எங்களிடம் பரம்பரையாக வந்தது. அதற்கு மருந்தும் சீனியர்களே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். 'ஒசரத்துலதான் ஜாஸ்தி' என்று குழந்தைக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வருவது. அதாவது, ஐந்து வயதுக் குழந்தை இயல்பாகச் செய்யும் தப்பை, ஐந்து வயதுக் குழந்தைக்கு மனப்பாடம் பண்ண வைப்பது! இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நான் சஹாபுதீனை நம்பினேன். தேர்வுக்கு முதல் நாள் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் பூரி மாதிரி உப்பிவிட்டது.

ஃபெயிலானால் ஒரு வருஷம் போச்சு. அப்போது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த வரிசைப்படிதான் அரசுப் பள்ளியில் வேலை. நான் ஒரு வருஷம் தள்ளிப் பதிந்தால் எனக்கு முன்னால் ஒரு ஊரே போய் நின்றுகொள்ளும். வகுப்பறையில் போய் நிற்க வேண்டும் என்று அந்த நாளில் எனக்கு இருந்த வெறியை எப்படிச் சொல்ல? பசி மாதிரி இருந்தது. டெலிபோன் பூத்துக்கு ஓடி மோனிகாவுக்கு அடித்தேன். மோனிகா என் வகுப்புத் தோழி. சிப்காட் பக்கத்திலேயே, ஸ்டீல் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கிற தெருவில் அண்ணன் வீட்டோடு இருப்பவள்.

"எங்கண்ணன் பொண்ணு பெனிட்டா கீறா. அஞ்சு வயசு. காலைல சீக்கிரமா வந்து கூட்டினு போ" என்றாள். பிறகு கொஞ்சம் இழுத்தாற்போல, "ஆனா கொஞ்சம் டிரெயினிங் குடுக்கணும்டி" என்றாள்.

"அதெல்லாம் தேவையில்ல. அஞ்சு வயசு தானா சொல்லும்" என்றேன் மேதாவி மாதிரி.

காலையில் முதல் ரயிலில் போய் இறங்கினேன். பெனிட்டா எண்ணெய் வழியும் ரெட்டைச் சடையோடு தயாராக இருந்தாள். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கிளாஸ்களை எடுத்தேன். ஊற்றினேன். கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

"நல்லாப் பாரு கண்ணு. இது எவ்ளோ ஒசரமா கீது!"

"ஒசரமா இருந்தா இன்னா? அந்தத் தண்ணிதான இது?"

போச்சு, ஒரு வருஷம் போச்சு என்று நினைத்தேன். மோனிகா தலையில் அடித்துக்கொண்டாள். "நான் சொன்னேன்ல? எங்க தெரு புள்ளைங்க எல்லாமே இப்டிதான் ஒளறுதுங்க. நான் கூட்டினு போற ராபினும் இப்டிதான் சொன்னான். தெனம் கமர்கட் வாங்கிக் குடுத்து மாத்தி வச்சிக்கிறேன். இதுக்கும் சொல்லிக் குடு, இன்னும் நேரம் கீது."

"எல்லாப் புள்ளைங்களுமா?" என்றேன்.

"ஆமாண்டி. பேஜாரு புடிச்ச தெரு."

அந்தப் பயம் போய், வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு குழந்தை முந்தினால் கெட்டிக்காரி என்று விட்டுவிடலாம். ஒரு தெருவே எப்படி முந்தும்? "ஏண்டி, இத இத்தினி நாளா சொல்லாம வச்சிருந்தியா?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் மிரண்டுவிட்டாள்.

அப்போது தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. தண்ணீர் லாரி. அந்தப் பக்கத்து நிலத்தடித் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிக்க லாரித் தண்ணீர்தான். மோனிகாவின் அண்ணி முத்தம்மா ஒரு அகலமான டப்பைத் தூக்கிக்கொண்டு ஓட, பெனிட்டா ஒரு ஒல்லிக் குடத்தோடு பின்னால் ஓடினாள். நானும் கிளாஸும் கையுமாக ஓடினேன்.

தெருவே பாத்திரத்தோடு நின்றது. குடம், டிரம், அன்னக்கூடை, கம்பெனியிலிருந்து வந்த நீலக் கேனைப் பாதியாக அறுத்தது என்று ஒன்று போல் ஒன்றில்லை. ஆனால் குழாயிலிருந்து யார் பாத்திரத்துக்கும் நேராகத் தண்ணீர் விழவில்லை. ஒரு சிவப்பு பக்கெட்டில் பிடித்து, ஆளுக்கு ஒரு பக்கெட் என்று ஊற்றினார்கள். முத்தம்மா முடித்து நகர்ந்ததும், அகலமான அன்னக்கூடையோடு நின்ற ஒரு அம்மாள் பெனிட்டாவின் குடத்தைக் காட்டிச் சண்டைக்கு வந்தாள். "கழுத்து வரைக்கும் கீதே, எனக்குப் பாரு, அடில கெடக்குது!"

பெரியவர்கள் அவரவர் பாத்திரத்தைப் பிடிப்பதிலேயே இருந்தார்கள். பெனிட்டாதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "ஊத்திப் பாக்கலாமா?"

குடத்துத் தண்ணீர் பக்கெட்டுக்குத் திரும்பியது. விளிம்புக்குச் சரியாக நின்றது. அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். பெனிட்டா எதுவும் நடக்காத மாதிரி மறுபடி குடத்தில் ஊற்றச் சொன்னாள்.

"இந்தச் சண்ட தெனம் கீதும்மா. புள்ளைங்கதான் காவலு. நாங்க வேலைக்குப் போவ வேணாவா?" என்றாள் முத்தம்மா.

நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். இந்தப் பிள்ளைகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து எங்கள் பாடப் புத்தகத்தின் சோதனையைத்தான் தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள், அதுவும் அடிதடியோடு! சிரித்து முடித்ததும் நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. சஹாபுதீனுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்ததற்குத் தண்ணீர்க் கஷ்டம் அல்லவா காரணம்? ஆனாலும் என் சந்தோஷம் அடங்கவில்லை. ரெக்கார்டில் எழுதியிருந்த முடிவை அங்கேயே அடித்துவிட்டு, லாரியைப் பற்றி எழுதினேன். மோனிகா கையைப் பிடித்தாள். "உனக்குக் கொழுப்புடி. ஒரு வருஷம் போவும்!"

"போனா போவட்டும்" என்றேன். தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, தேர்வு அறைக்குள் நுழையும்போது ரெக்கார்டில் அடித்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

தேர்வாளர் பெயர் பரசுராமன். டீயை ஆற்றிக்கொண்டே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை மாற்றிக் குழந்தை வந்து, 'ஒசரத்துலதான் ஜாஸ்தி' என்று வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மார்க் போட்டார். என் முறை வந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் பெனிட்டா.

டீ டம்ளர் மேஜைக்கு இறங்கியது. அவர் ரெக்கார்டைப் புரட்டினார், அடித்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னம்மா இது? குழந்தைக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கியா? இந்த ஏமாத்து வேலையெல்லாம் என்கிட்ட ஆகாது. உனக்கு மார்க் கிடையாது."

மூக்குக்கு மேல் நிற்பது சும்மா இருக்குமா?

"சார், சொல்லிக் குடுக்கணும்னா புக்ல இருக்கறத சொல்லிக் குடுத்திருப்பேனே! தப்பாச் சொல்லிக் குடுத்து ஃபெயிலாவறதுக்கா இவ்ளோ தூரம் கூட்டினு வந்தேன்?"

அந்த நேரம் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராபின் மோனிகாவின் தாவணியை இழுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். "அக்கா, என்னக் கேட்டா நெசம் சொல்லட்டா, நீ சொன்னத சொல்லட்டா?"

மோனிகா அவன் வாயைப் பொத்தினாள். பரசுராமன் ராபினைப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி. இந்தப் பாப்பாவுக்குத் தண்ணீர் லாரியால தெரிஞ்சதுன்னு எழுதியிருக்க. நிரூபி."

எப்படி நிரூபிப்பது? லாரியையா கூட்டிவர முடியும்? அடுத்த மேஜையில் ஒருத்தி வேறொரு சோதனைக்குக் களிமண் வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. பெனிட்டாவுக்குத் தண்ணீரில்தானே பழக்கம்? மண்ணில் இல்லையே! மண்ணில் அவள் எல்லா ஐந்து வயதையும் போலத் தப்பாகச் சொன்னால், நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று ஆகும். சரியாகச் சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது.

இரண்டு உருண்டை பிடித்தேன். கிள்ளி ஒட்டிச் சரிபார்த்ததும், இரண்டும் சமம் என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஒன்றை மேஜையில் உருட்டி நீளப் பாம்பாக்கினேன்.

"இப்ப எதுல மண்ணு ஜாஸ்தி கண்ணு?"

அவள் யோசித்தாள். உருண்டையைப் பார்த்தாள், பாம்பைப் பார்த்தாள். ஒரு குழந்தை தப்பாகப் பதில் சொல்ல வேண்டுமே அல்லாஹ் என்று எந்த டீச்சராவது துஆ கேட்டிருப்பாளா? நான் கேட்டேன்.

"பாம்புலதான்" என்றாள் பெனிட்டா. "எவ்ளோ நீட்டமா கீது!"

நான் துள்ளிக் குதித்துவிட்டேன். பரசுராமனும் பாதி எழுந்துவிட்டார். "தண்ணியில ஏழு, மண்ணுல அஞ்சு! அடேங்கப்பா!" என்று அவர் சத்தம் போட, எல்லா மேஜைக்காரிகளும் பிள்ளைகளோடு எங்களைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

இவ்வளவு கொண்டாட்டத்துக்கு என்ன செய்துவிட்டோம் என்று பெனிட்டாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்களை முறைத்தாள். பாம்பைக் கையில் எடுத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே அதைச் சுருட்டி உள்ளங்கைக்குள் உருட்டி, மற்ற உருண்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். மேஜை மட்டத்துக்குக் குனிந்து இரண்டையும் பார்த்தாள். மறுபடி பாம்பாக்கினாள். மறுபடி உருண்டை.

"அக்கா!" அவள் கண் இரண்டும் விரிந்துவிட்டது. "இதுவும் ஒண்ணுதான்! தண்ணி மாதிரியே!"

புத்தகத்தில் இரண்டு வருஷம் என்று போட்டிருந்ததை, அவள் எங்கள் கண் முன்னால் தாண்டிவிட்டாள். நான் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. இருந்தும் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் டீச்சர் என்று எனக்குத் தோன்றியது.

பரசுராமன் விடவில்லை. மண்ணை மறுபடி நீட்டி உருட்டி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "பாப்பா, நீளமா இருக்கே, இதுலதானே ஜாஸ்தி?" என்றார்.

அவள் அவரைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "தெரியறது அப்டிதான் தெரியும் சார். நீ ஏமாந்துடாத."

அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். நான் பாஸ் என்பதை மோனிகாதான் எட்டிப் பார்த்து என் காதில் சொன்னாள். நான் பெனிட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுத்த மேஜைக்காரியிடம் இன்னும் கொஞ்சம் மண் கேட்டுக்கொண்டிருந்தாள்.