முதல் குவளை

நாக்கு என்பதுதான் அவள் பேர். அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது, அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பதினேழு வயதுப் பெண்ணைப் போய், "ஏய் நாக்கு, இங்க வா" என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் அந்தக் கட்டடத்தில் எரிச்சல்படக்கூட ஒருத்தருக்கும் தெம்பு கிடையாது.

ஒரு காலத்தில் கார் நிறுத்துவதற்காகக் கட்டிய மாடிக் கட்டடம் அது. காருக்குப் போட்ட மஞ்சள் கோடுதான் இப்போது வீட்டுக்கு வீடு சுவர். ஒரு கார் நிற்கிற கட்டத்தில் ஒரு குடும்பம். வாசலைத் தாண்டினால் வெயிலும் புழுதியும் ஆளை உரித்துவிடும். ஆறு, குளம், மழை எல்லாம் பெரியவர்கள் பேச்சில் மட்டும்தான். தரையில் குழி போட்டு உறிஞ்சினால் தண்ணீர் வரும், அதிலும் பாதி விஷம். தொழிற்சாலைகள் மூடிக்கொண்டு போகும்போது மண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போன சீதனம்! பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. வாயில் வைத்தால் மட்டும் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு கசப்பு. சோதிக்கிற மருந்து எப்போதோ தீர்ந்துவிட்டது. அதனால் ஒரு நாக்கு தேவைப்பட்டது.

தினமும் காலையில் அவள் கீழ்த்தளத்தில் இருக்கிற மேடை ஏறி ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "ஆகும்" என்றோ "ஆகாது" என்றோ சொல்ல வேண்டும். ஆகும் என்றால் முதல் குவளையை அவள் வீட்டு ஆள் குடிக்க வேண்டும், முழுசாக, எல்லார் கண்ணெதிரிலும். தூணின் நிழல் மஞ்சள் கோட்டைத் தாண்டுகிறவரை அந்த ஆள் நின்றுவிட்டால் மற்றவர்கள் குடத்தை நீட்டலாம். நாக்கு பொய் சொல்லிவிடக் கூடாதே, அதற்காம். சட்டம் போட்டவர் குழாய் மேஸ்திரி. அவருக்குக் குழந்தையும் இல்லை, குட்டியும் இல்லை. பிறகென்ன, எந்தச் சட்டத்தை வேண்டுமானாலும் போடலாம்.

அவள் வீட்டில் அம்மாவும், பொடிசு என்கிற தங்கச்சியும். முதல் குவளை அம்மாவுடையது.

ஒருநாள் காய்ச்சல் மாத்திரை வாயிலேயே கரைந்தும் அவளுக்குக் கசக்கவில்லை. இன்னொரு மாத்திரையை மென்றே பார்த்தாள். சுண்ணாம்புக் கட்டியை மென்றது போல இருந்தது, அவ்வளவுதான்.

"அம்மா, எனக்கு ருசியே தெரியல."

அம்மா பளார் என்று ஒன்று விட்டாள். பிறகு அவளே மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையிலும் சத்தமில்லை, பக்கத்துக் கட்டத்துக்குக் காது உண்டு.

"வெளிய மூச்சு விட்டே, கொன்னுடுவேன். நாக்கு செத்த குடும்பம்னு தெரிஞ்சா மூணு பேரையும் வாசலுக்கு வெளிய தள்ளிடுவாங்க."

"நான் தப்பா சொல்லிட்டா? குடிக்கிறது நீதானேம்மா!"

"ஏன், எனக்கு நாக்கு இல்லையா? குழாயிலேருந்து குடத்தைத் தூக்கிட்டு வர்றது நான்தானே? வர்ற வழியில ஒரு சொட்டு வச்சுப் பார்த்துடறேன். கசந்தா தலையில துணியைப் போட்டுக்குவேன். போடலைன்னா நீ பாட்டுக்கு ஆகும்னு சொல்லு."

அன்றைக்குத்தான் அவளுக்கு உயிரே வந்தது. அம்மா என்றால் சும்மாவா! மறுநாளிலிருந்து அவள் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை, அம்மாவின் தலையைத்தான் பார்த்தாள். அம்மா ஒருநாளும் துணியைப் போடவில்லை. பழைய குழி நல்ல குழி, ஒரு வம்பும் வரவில்லை.

கஞ்சி வரிசையில் சமையல்காரர் கரண்டியோடு நின்று ஒவ்வொருத்தரையும் கேட்பார்: "உப்பு சரியா இருக்கா?"

"அமிர்தம்ண்ணே!" என்பார்கள்.

அம்மாவும் சப்புக்கொட்டிக்கொண்டு, "இன்னிக்கு ஒரு கல்லு தூக்கல்" என்பாள். அதைக் கேட்டு நாக்குக்கு மனசு நிறைந்துபோகும். நம் வீட்டில் ஒரு நாக்காவது உயிரோடு இருக்கிறதே என்று.

பழைய குழி வற்றியது. கட்டடத்தின் பின்பக்கம் புதுக்குழி தோண்டினார்கள். முதல் தண்ணீர் வந்த காலையில் எல்லா மாடியும் கீழே இறங்கி நின்றது. குழந்தைகளின் உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது.

அம்மா இடுப்பில் குடத்தோடு, கார் ஏறி இறங்கக் கட்டிய சரிவில் இறங்கி வந்தாள். பாதி வழியில் நின்று, வியர்வையைத் துடைக்கிற மாதிரி குடத்தில் விரலை நனைத்து வாயில் வைத்தாள். நாக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அம்மா துணியைத் தொடவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் சிரித்தாள்.

நாக்கு கொப்பளித்தாள், துப்பினாள்.

"ஆகும்."

அம்மா குவளையை ஒரே மூச்சில் குடித்து, கவிழ்த்துக் காட்டினாள். எல்லாரும் நிழலைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நிழல் கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அம்மாவின் முழங்கால் மடங்கியது. வாயோரம் நுரை. அவள் கை எதையோ தேடித் தோளைத் தடவியது. துணியின் முனை கிடைத்ததும் அதை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அப்படியே சாய்ந்தாள்.

"ஆகாது. குழியை மூடுங்கப்பா" என்றார் மேஸ்திரி. நீட்டிய குடங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அழுதது பொடிசு மட்டும்தான்.

நாக்கு அவர் காலில் போய் விழுந்தாள். "எனக்கு நாக்கு செத்துப்போச்சு! அம்மாதான் ருசி பார்த்துச் சொன்னாங்க. என்னை வெளிய தள்ளுங்க!"

மேஸ்திரி அவளைத் தூக்கி, தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"கத்தித் தொலைக்காதே. கத்தினா நிஜமாவே தள்ள வேண்டியதாயிடும். உங்கம்மாவுக்கு ருசி போய் ரொம்ப நாளாச்சு. எனக்கும்தான். இந்தத் தண்ணியைக் குடிக்கிற யாருக்கும்மா நாக்கு இருக்கு? உப்பு மூட்டை எப்பத் தீர்ந்ததுன்னு சமையல்காரரைப் போய்க் கேளு. சப்புன்னு கிடக்கிற கஞ்சியை ஒருத்தராவது சப்புன்னு சொன்னாங்களா?"

"அப்ப நான் எதுக்கு?"

"யாராவது முதல்ல குடிச்சாகணும்ல? எந்த வீட்டு ஆள்னு பேச்செடுத்தா வெட்டுக்குத்தாயிடும். நாக்குன்னு ஒருத்தி இருந்தா சண்டையே இல்ல." அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார், பாவி மனுஷன். "நாளைக்குக் கிழக்கால தோண்டறோம். உனக்குத் தங்கச்சி இருக்கால்ல?"

அன்று முழுக்க அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. ஒரு கல்லு தூக்கல் என்றாளே அம்மா, சண்டாளி! மகள் பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிடுவாளே என்று இல்லாத ருசியை நடித்தாள். குடத்தில் விரல் வைத்ததெல்லாம் மகளுக்காகப் போட்ட வேஷம். ஒவ்வொரு காலையும் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதித்திருக்கிறாள்.

கிழக்குக் குழியில் தண்ணீர் வந்தது. பொடிசுக்குக் குடம் கனத்தது, சரிவெல்லாம் சிந்திக்கொண்டே வந்தாள். அம்மாவின் துணியை இடுப்பில் சுற்றியிருந்தாள். மேடைக்கு வந்ததும் குவளையை எடுத்துக்கொண்டு, "நீ ஆகும்னு சொன்னா நான் பயப்பட மாட்டேன்க்கா" என்றாள்.

ஆகாது என்று சொல்லலாம். சொன்னால் இன்னொரு குழி, அப்புறம் இன்னொரு குழி. அதற்குள் பொடிசே தாகத்தில் போய்விடுவாள். அவள் உதட்டிலும் ரத்தம் கட்டியிருந்தது.

நாக்கு ஒரு வாய் எடுத்தாள். கொப்பளித்தாள். துப்பவில்லை, விழுங்கினாள்.

"துப்பு! ஏய், துப்புடி!" மேஸ்திரி ஓடிவந்தார். "நாக்கு முதல்ல குடிக்கக் கூடாது!"

அதற்குள் தங்கச்சி கையிலிருந்த குவளையைப் பிடுங்கி, குடத்தில் முக்கி, மடக் மடக்கென்று குடித்து முடித்துக் கவிழ்த்துக் காட்டினாள். மேஸ்திரி நடுவழியில் நின்றுவிட்டார். இனி யார் குடித்தால் அவருக்கென்ன? அவரும் நிழலைப் பார்க்கத் திரும்பினார்.

பொடிசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிக்கா இருக்கு?"

"தெரியலடி" என்றாள் நாக்கு. மேல்மாடிவரை கேட்கிற குரலில் மறுபடியும் சொன்னாள். "எனக்கு ஒண்ணுமே தெரியல! உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

எல்லாரும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிழலையே பார்த்தபடி நின்றார்கள்.