பின்புலத்தின் நிறம்

எங்கள் கல்லூரியின் இணைய மலரில் நையாண்டிப் பகுதி நான் எழுதுவது. கட்டுரைகளை இணையப் பக்கத்துக்கான எச்டிஎம்எல் கோப்புகளாக மாற்றுவதும் நான்தான். முதல் வேலைக்குப் பாராட்டு வரும், இரண்டாவதற்குக் கழுத்து வலி வரும்.

வீட்டில் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னால் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். அந்தக் கோப்புகளை எழுதும் எடிட்டர் மென்பொருளுக்கு வண்ணம் பூச மட்டும் மூன்று நாள் வகுப்புக்கு மட்டம் போட்டேன். பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் டேகுகள் நீலம், அவற்றின் பண்புகள் மஞ்சள், மேற்கோள் குறிக்குள் இருப்பதெல்லாம் இளஞ்சிவப்பு, பின்புலம் கறுப்பு. எல்லாம் அமைந்த பிறகும் ஒன்று மட்டும் கண்ணை உறுத்தியது. அது கமென்ட். பக்கத்தில் வாசகருக்குத் தெரியாமல், கோப்பைத் திறப்பவர்களுக்கு மட்டும் தெரியும் குறிப்பு.

எங்கள் மலருக்கு மெய்ப்புப் பார்ப்பவள் என் வகுப்புத் தோழி. மூச்சு விடும் இடத்திலெல்லாம் கமா போடுவதால் அவள் பெயரே கமா. திருத்தங்களைக் கமென்டாகக் கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பாள். 'இங்கே சிரிப்பு வரவில்லை', 'இங்கே வருகிறது, ஆனால் வரக் கூடாது'. ஒரே இதழில் இருநூற்றுப் பத்து. அதனால் பின்புலத்தின் நிற எண்ணை அப்படியே எடுத்துக் கமென்டுக்கும் கொடுத்தேன். கறுப்பின் மேல் கறுப்பு. திரை துடைத்துவிட்டது போல் ஆனது.

"டேய், என் கமென்ட் எல்லாம் பாத்தியா?" என்று கேட்டாள் கமா.

"ஒண்ணு விடாம."

"அப்புறம் ஏன் ஒண்ணுகூட மாறல?"

"பாத்தேன்னுதான் சொன்னேன். ஒத்துக்கிட்டேன்னு சொன்னேனா?"

அந்த இதழுக்கு நான் எழுதியது ரீபூட் அண்ணனைப் பற்றி. ஆய்வகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். மின்விசிறி ஓடாவிட்டாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க தம்பி" என்பார். பொதுக் கோப்புறையில் நாங்கள் வைக்கும் கோப்புகளைத் தளத்தில் ஏற்றுவதும் அவர் வேலை. பதவி உயர்வுத் தேர்வில் நான்கு முறை தோற்றதை ஒருநாள் டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னார் என்பதுதான் இதில் முக்கியம். 'நான்கு முறை ரீஸ்டார்ட் செய்தும் பூட் ஆகாத ஒரே கருவி' என்று நான் எழுதினேன். திங்கட்கிழமை மலர் வெளிவந்தது. கேன்டீனில் அதை வாய்விட்டுப் படித்தார்கள். நான் அடக்கமாக இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு. உதவிக்கு என்னை நிற்க வைத்திருந்தார்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து அதன் மூல நிரலைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அன்றைய பயிற்சி. பாதிப் பேர் என் கட்டுரையைத்தான் திறந்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"அண்ணா, இந்தப் பச்சை எழுத்து என்னது? பக்கத்துல வரவே இல்லையே?"

"அதுதாம்மா கமென்ட். ஊருக்குத் தெரியாது, எழுதினவனுக்கு மட்டும் தெரியும்," என்று பேராசிரியர் தோரணையில் சொல்லிக்கொண்டே குனிந்தேன்.

என் நிறங்கள் என் மடிக்கணினியோடு சரி; இங்கே கமென்ட் பச்சையாகவே தெரிந்தது. அது கமா எழுதியது அல்ல.

'தம்பி, கட்டுரை நல்லா இருக்கு. என் பொண்ணு இந்த வருஷம்தான் இங்க சேர்ந்திருக்கா. நாலு தடவை தோத்தது அவளுக்குத் தெரியாது. அந்த ரெண்டு வரியை மட்டும் எடுத்துட முடியுமா? – லேப்.'

கட்டுரையை எழுதியவனுக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கவில்லை.

"இது எங்கப்பா," என்றாள் அவள். திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ரீபூட் அண்ணன்னா யாருன்னு தெரியாம நேத்து நானும் சிரிச்சேன். படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

"இல்லம்மா. சத்தியமா பாக்கல. கமென்ட் கண்ணுக்குத் தெரியாத மாதிரி நிறத்த மாத்தி..."

"யாரு மாத்தினது?"

"நான்தான்."

எனக்கிருந்த ஒரே சாக்கு, வெளியே எடுத்ததும் குற்றத்தைவிட அசிங்கமாகத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கத்தை மூடினாள்.

"நான் பாத்தேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

வகுப்பு முடிந்ததும் பின்னறைக்குப் போனேன். அண்ணன் ஒரு விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க கமென்ட்டை நான் இன்னைக்குத்தான் பாத்தேன்."

"அப்படியா?" அவர் தட்டுவதை நிறுத்தினார். "நான் எழுதின மறுநாளே பக்கத்து வரியில ஒரு வார்த்தை மாத்தியிருந்தீங்களே தம்பி. அதனால படிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்."

மாற்றியிருந்தேன். 'தோற்றார்' என்பதைத் 'தோற்றருளினார்' என்று ஆக்கியிருந்தேன். அதற்காகவே அன்று ஒரு மணிநேரம் யோசித்திருந்தேன். அந்தக் கோப்பைத்தான் அவர் தன் கையாலேயே தளத்தில் ஏற்றியிருக்கிறார்.

என் மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கறுப்பாக மூன்று வரி காலியாகக் கிடந்தது.

"எங்க?"

சுட்டியால் இழுத்ததும் எழுத்துகள் வெளிப்பட்டன. அதற்குக் கீழே, நான் அதுவரை பார்க்காத இன்னொன்றும் வந்தது. தளத்தில் ஏற்றி முடித்த பிறகு அவர் எழுதியது.

'சரி தம்பி, உங்க விருப்பம். முதல் பத்தியில ஒரு டேக் மூடாம இருந்துச்சு. நான் மூடிட்டேன்.'

முழுக் கட்டுரையையும் அழித்தேன். "ஐயோ, ரெண்டு வரி போதும் தம்பி, மத்தது நல்லாத்தான் இருக்கு," என்று கையைப் பிடித்தார். அதற்குள் அழிந்துவிட்டது. வெறும் பக்கத்தைத் தளத்தில் ஏற்றினார்.

"விடுங்க தம்பி. என்னை இங்க ரீபூட் அண்ணன்னு கூப்பிடறது பொண்ணுக்குத் தெரியாது. காலேஜ்ல அப்பான்னு கூப்பிடாதன்னும் சொல்லி வச்சிருக்கேன். அவ காதுக்குப் போகல. அது போதும்."

நான் தலையாட்டினேன். அந்த மன்னிப்பு எதை நம்பி வந்தது என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலையே கமென்டுகளுக்கு ஆரஞ்சு நிறம் வைத்தேன். மறுநாள் நான்கு மணிக்கு ஆய்வகத்தில் என் மடிக்கணினியோடு உட்கார்ந்து மற்றக் கட்டுரைகளில் கமாவின் திருத்தங்களை ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். இருபது முப்பது பேர் இருந்தார்கள். அண்ணன் ஒரு மேசைக்கு அடியில் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் அந்த முதலாண்டுப் பெண் வந்து நின்றாள்.

"அப்பா, கெளம்பலாமா?"

மெதுவாகச் சொல்லவில்லை. கடைசி வரிசைவரை கேட்டது. கேன்டீனில் என் கட்டுரையை வாய்விட்டுப் படித்தவர்களில் ஒருவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

அண்ணன் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். மகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் திரையைப் பார்த்தேன். கமென்டுகள் எல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. ஒன்றைக்கூட என்னால் படிக்க முடியவில்லை.