ஏழாம் பலகையின் மூச்சு

மாடத்தி இறக்கிய கத்தியை அந்தரத்திலேயே நிறுத்தினாள். பலகையில் பரப்பியிருந்த கடலைமிட்டாய் மூச்சு இழுத்தது.

"மொதலாளி, இங்கன ஓடியாங்க! இது வெட்ட விட மாட்டேங்குது!"

நவநீதகிருஷ்ணன் ஓடிவந்தார். பாகு சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டாக வேண்டும், இறுகிவிட்டால் நொறுங்கிப்போகும். "கத்தியக் கொண்டா" என்று வாங்கி அவரே அழுத்தினார். மிட்டாய் இரண்டு விரற்கடை மேலெழுந்து, சீழ்க்கை போன்ற சத்தத்தோடு தாழ்ந்தது. கத்தி அவர் கையிலிருந்து நழுவியது. 2004ஆம் வருடம், மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, மதியம் ஒரு மணி. அன்றைக்கு ஊற்றியதில் அது ஏழாவது பலகை. முதல் ஆறும் வழக்கம்போல வெட்டுப்பட்டு டப்பாவுக்குள் போயிருந்தன.

அந்த ஒரு மணி தான்சானியாவில் காலை பத்தரை. கோவில்பட்டியைப் போலவே கரிசல் வெடித்துக் கிடந்த ஒரு கிராமத்தில், அவருடைய மகள் ஜெயப்பிரியா, நான்கு வயது ஜுமாவை மடியில் போட்டுக்கொண்டு "டாக்டர், டாக்டர்" என்று அலறிக்கொண்டிருந்தாள். மருத்துவக் கல்லூரி நான்காம் வருடத்துக்காரி. தொண்டு மருத்துவர்களோடு மூன்று வார முகாமுக்குப் போனவள். அன்றுதான் கடைசி நாள். தடுப்பூசிக்கு அழுத பையன் அழுகையை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகவில்லை, உதடு வீங்கி, தொண்டை அடைத்துக்கொண்டது. தலைமை மருத்துவர் போட்ட ஊசியில் மூச்சு திரும்பியது. எதனால் இப்படி என்று கேட்டார். குளவி கொட்டியிருக்கும் என்றாள் ஜெயப்பிரியா. அப்படியே எழுதி, பையனைப் பக்கத்து ஊர் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, குழு சாயங்காலமே கிளம்பியது.

பலகை விஷயம் இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. அரசு மருத்துவர் வந்து நிமிடத்துக்கு இருபத்தாறு மூச்சு என்று எண்ணி, நாலு வயதுப் பிள்ளையின் கணக்கு இது என்றார். சீட்டில் "ஓய்வு" என்று மட்டும் எழுதினார். உணவு ஆய்வாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மூச்சு விடும் பண்டத்துக்குப் பிரிவு இல்லாததால், எட்டாம் பலகையில் இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போனார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேலை விட்டதும் வரிசையில் நின்று பார்த்தார்கள். எறும்புகள் பலகையைத் தொடாமல் சுற்றிப் போயின. மாடத்தி விசிறியெடுத்து வீசினாள்.

"மிட்டாய்க்கு எதுக்குட்டி விசிறி?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"புள்ளைக்கு வேர்க்கும்லா?"

யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பலகை மூச்சுத் திணறியது. வெல்ல நிறம் நீலம் பாரித்து, ஒரு நிமிடம் அசைவில்லை. திங்கட்கிழமை அதே நாலு மணிக்கு இரண்டு நிமிடம். அன்றைக்கு ராத்திரி பம்பாய் விமான நிலையத்திலிருந்து ஜெயப்பிரியா போன் செய்தாள். பலகை மூச்சு விடுவதைச் சொன்ன அப்பா, அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார்.

"நிமிஷத்துக்கு எத்தன மூச்சுப்பா?" என்றாள். "அத வெட்டிராதீங்க. கடவுளே, வெட்டிராதீங்க."

செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு வந்து சேர்ந்தாள். பெட்டியைக் கூட இறக்காமல் ஸ்டெதஸ்கோப்பைப் பலகையில் வைத்தாள். ஜுமா மடியில் கிடந்தபோது கேட்ட அதே சீழ்க்கை. நாலு மணிக்கு அது நின்றது. மூன்று நிமிடம். மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூச்சு திரும்பியதும் ஜெயப்பிரியா அப்பாவிடம் திரும்பினாள்.

"தினமும் நாலு மணிக்கா?" விரல் விட்டு எண்ணினாள். "அங்க ஒன்றரை. மத்தியானக் கஞ்சி குடுக்கிற நேரம்."

நாளைக்கு நாலு நிமிடம் நின்றால் திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் டாக்டர் படிப்பு என்னவாகும் என்பதும் தெரியும். எதிரே சம்சுதீனின் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

"வெளிநாட்டு மீட்டர் குதிரை மாதிரி ஓடும், தாயி. சுருக்கா சொல்லிரு," என்றார் சம்சுதீன்.

பையனைச் சேர்த்த மருத்துவமனைக்குப் போட்டு, இங்கிலீஷில் நான்கு நிமிடம் பேசினாள்.

புதன்கிழமை நாலு மணிக்குப் பலகை திணறவில்லை. அதற்குப் பிறகு என்றைக்கும் திணறவில்லை. கல்லூரி அவளை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது. அடுத்த வருடம் மறுபடி சேர்ந்து முடித்தாள். பலகை கடையின் பின்கட்டில் இருக்கிறது. 2009இல் எண்ணியபோது நிமிடத்துக்கு இருபது. பிள்ளை வளர்கிறான் என்றார்கள். மாடத்தி வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறாள். டப்பாவில் நவநீதகிருஷ்ணன் ஒரு வரி அச்சடித்திருக்கிறார்: நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிட வேண்டாம். "அப்படியும் ஒரு மனுசன் உண்டுமா, அண்ணாச்சி?" என்று விளாத்திகுளத்து வியாபாரிகள் கேட்கிறார்கள். அவர் அடுத்த டப்பாவை எடுத்து மூடுகிறார்.

அன்றைக்குப் பூத்தை விட்டு வெளியே வந்த ஜெயப்பிரியா தன்னிடம் சொன்னதைக் கடையின் பெயருக்காக ஐந்து வருடம் மூடி வைத்திருந்தவள் மாடத்தி.

"குளவி இல்லக்கா. அழுதான், பையில நம்ம மிட்டாய் இருந்துச்சு, வாயில வச்சேன். நம்மூர்ல அழுற புள்ளைக்கு அதத்தான குடுப்போம்? அங்க கஞ்சியில நிலக்கடலைய அரைச்சு ஊத்தியிருக்காங்க, குளவின்னு நம்பி."

"கடலை ஆளக் கொல்லும்னு உனக்கு எப்படித் தெரியும், பாப்பா? அதெல்லாம் நீ படிக்கலியே?"

"படிச்சேன்க்கா. பரீட்சையில அந்தக் கேள்விக்கு வகுப்புலயே நான்தான் முதல் மார்க்."