பத்து போடு

"கையைப் பாருங்கண்ணே" என்று அழகிரி வாழையிலைக்கு மேலே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான். தோல் உரிந்து, அடியில் புதுத்தோல் சிவப்பாய்த் தெரிந்தது. "அன்னைக்கு நீங்க போன்ல பத்து போடுன்னீங்கள்ல, அதுல வாங்கினது. கையுறை கிழிஞ்சு போச்சு. ஆனாலும் விடலையே. பத்து மூட்டை. ஒண்ணு குறையல."

ராஜன் சோற்றில் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். விரல்கள் அப்படியே நின்றன.

"என்ன பத்து மூட்டை?"

"சிமெண்டுதாண்ணே. செவுத்துக்குப் பின்னாடி சந்து விட்டிருந்துச்சே. இப்படி ஓட்டையா விட்டா செவுரு நிக்குமான்னு நானே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க."

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பரிமாறுகிறவன் ரசம் வாளியோடு வந்து நின்றான். ராஜன் வேண்டாமென்று தலையாட்டினார். அப்புறம் சிரித்தார். எதற்குச் சிரித்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அழகிரியும் கூடச் சிரித்தான், பாராட்டு என்று நினைத்துக்கொண்டு.

பத்து என்றுதான் சொன்னார். இல்லையென்று சொல்ல முடியாது. கிள்ளானில் பிறந்து, காப்பார் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கி, அப்புறம் ஊர் ஊராய்ச் சுவர் கட்டித் திரிந்த மனுஷன் அவர். வேலை இடத்தில் அவர் வாயில் கல்லுக்குக் கல் என்று வராது, மலாய்ச் சொல்லாய்ப் பத்து என்றுதான் வரும். மலாய்க்காரன், வங்காளதேசி, சீனன் எல்லோருக்கும் அது விளங்கும். புதுக்கோட்டையிலிருந்து பெர்மிட்டில் வந்த அழகிரிக்குப் பத்து என்றால் ஒன்பதுக்கு அடுத்தது.

அது ராஜனுக்குத் தெரியாததும் அல்ல. வந்த புதிதில் பத்துமலைக்குக் கூட்டிப்போனபோது, அழகிரி லோரியிலிருந்து இறங்கி நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "மீதி ஒம்பது மலை எங்கண்ணே?" என்று கேட்டான். லோரியே குலுங்கிச் சிரித்தது. அதற்கப்புறம் எவன் எதைத் தொலைத்தாலும், "ஒம்பது மலையில போய்த் தேடு லா" என்பதுதான் பேச்சு. டேய் தம்பி, பத்து என்றால் கல்லுடா என்று ஒருத்தனும் சொல்லவில்லை. ராஜனும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பு கெட்டுவிடும்.

காராக் நெடுஞ்சாலையில் ஏறி, கெந்திங் போகிற பக்கம் பிரிந்து போனால் அந்த மலைச்சரிவு. பகலிலேயே பல் கிட்டுகிற குளிர். சுபாங் ஜெயாக்காரர் முகுந்தன் அங்கே ஒரு பங்களா எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். சரிவு மண்ணைத் தாங்குகிற சுவர் வேலை ராஜனுக்கு. கிள்ளான் மண்ணில் ஒரு மழை பெய்தால் மூன்று நாளைக்குச் சேறு. இந்த மண் வேறு சாதி. மேலே ஒரு சாண் மக்கின இலை, அதற்குக் கீழே கல்லும் பொடியும், கல்லுக்கு நடுவில் வேர். முதல் நாள் ராஜன் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். சல்லடையில் கொட்டினதுபோல உள்ளே போய்விட்டது. எவ்வளவு மழை பெய்தாலும் காலில் சேறு ஒட்டாது. இது வாங்கின தண்ணீரை வைத்துக்கொள்ளாது, கீழே இருக்கிறவன் தலையில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் சுவருக்குப் பின்னால் சந்து விட்டு, அதில் கல்லைக் கொட்டி, அடியில் குழாய் வைப்பது. இறங்குகிற தண்ணீர் கல்லுக்குள் புகுந்து குழாய் வழியாய்ப் போய்விடும். சந்தை அடைத்தால் போச்சு. மலைத் தண்ணீர் முழுக்கச் சுவரின் முதுகில் ஏறி உட்காரும்.

அந்தச் சந்து மூடின சமயம் அவர் கிள்ளானில் காய்ச்சலில் கிடந்தார். போனில் சொன்னது ஒரே வரிதான்: "பின்னாடி சந்துல பத்து போட்டு மூடிருடா." உடம்பு தேறி மேலே போனபோது மேல்மண் போட்டு மூடியாயிற்று. கற்குவியல் மட்டும் வந்த மாதிரியே கிடந்தது. ராஜன் அதைப் பார்க்கத்தான் செய்தார். கல்காரன் கூடுதலாய் இறக்கிவிட்டான் போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, லோரியில் ஏற்றிக் காப்பாரில் கூட்டாளி வீட்டு வாசலுக்குக் கொட்டிவிட்டு வந்தார். கண் பார்த்தது. புத்தி பார்க்க மாட்டேன் என்றது.

அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் ஆட்கள் தங்குகிற கொங்சி. காற்று அடிக்காத இடம் என்று பார்த்துப் பார்த்துக் கொட்டகை போடச் சொன்னவரும் அவர்தான்.

இதெல்லாம் மீன் குழம்பு ஆறுவதற்குள் அவருக்குள் ஓடி முடிந்துவிட்டது. வாயைத் திறந்து சொல்ல அந்த ஒரு நிமிஷம் போதும். சொன்னால் சுவரை உடைக்க வேண்டும், முகுந்தனுக்குத் தெரியும், இனி அந்த ஆளிடம் வேலை கிடைக்காது. மழை இன்னும் பிடிக்கவில்லையே, வரும் வாரம் சத்தம் போடாமல் நாலு துளை போட்டுவிடலாம் என்று ராஜன் கையைக் கழுவிக்கொண்டார்.

அழகிரி சாயங்காலம் மேலே போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை கிள்ளானில் ராஜன் வீட்டு வாசலில் கணுக்கால் தண்ணீர் அசையாமல் நின்றது. அவர் மனைவி ஜனகா இரண்டாம் தடவையாகக் காப்பியைச் சூடு பண்ணி வைத்தாள். "நேத்துலேர்ந்து பார்க்கறேன், பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க" என்றாள். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அழகிரி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல பங்களாவுக்குள்ள போயிரு."

"ஏண்ணே?"

"ரெய்டு வருதாம்."

"வரட்டுமேண்ணே. எல்லார்கிட்டயும் பெர்மிட் இருக்கு. பங்களால ஜன்னல் மாட்டலை, குளிர்ல செத்துருவோம்."

"மழை ஜாஸ்தியா இருக்குடா. செவுரு..."

"செவுரா? அண்ணே, அது நான் பத்து மூட்டை போட்ட செவுரு. யானை வந்து முட்டினாலும் அசையாது. பசங்க பயந்தானுங்க, நாந்தான் தைரியம் சொல்லிப் படுக்க வெச்சிருக்கேன்."

"குழாய்ல தண்ணி வருதா?"

"சொட்டுக்கூட வரலண்ணே. அவ்வளவு டைட்டு."

ராஜன் லோரியை எடுத்தார். வழி முழுக்க மழை. போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டார். அதுவும் பொய். கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போடுகிற புத்தி, மரியாதை வேஷம் கட்டிக்கொண்டு வந்தது.

போய்ச் சேர்ந்தபோது மதியம். கொங்சிக்குள் ஐந்து பேரும் போர்வையோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சுவர் நடுவில் லேசாகத் தொப்பை தள்ளியிருந்தது. குழாய்களிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

"வெளிய வாங்கடா."

"டீ குடிங்கண்ணே முதல்ல" என்றான் அழகிரி.

"அழகிரி, பத்துன்னா கல்லுடா."

அவன் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தான்.

"மலாய்ல பத்துன்னா கல்லு. சந்துல கல்லைப் போடச் சொன்னேன். நீ சிமெண்ட் போட்டு அடைச்சிட்டே. தண்ணி போக வழியில்லை. அந்தச் செவுரு விழப் போவுது."

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. அழகிரி திரும்பிச் சுவரைப் பார்த்தான். பிறகு அடுப்பை அணைத்தான், சட்டியை எடுத்தான். "எந்திரிங்கடா" என்றான் மற்றவர்களிடம். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "நாந்தானே இவனுங்களைப் படுக்க வெச்சேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தன் பையையும் அவனே தூக்கி வெளியே எறிந்தான்.

லோரி நிற்கிற மேட்டுக்கு ஏறி, மூச்சு வாங்கி, ஒருத்தன் சுருட்டுப் பற்றவைக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. கல் இறக்குகிற சத்தம் போலத்தான் இருந்தது. சுவர் முன்னால் குனிந்தது, கொங்சி அதற்கு அடியில் போயிற்று. தகரம் ஒரு தடவை முனகியது. அழகிரி போட்ட சிமெண்டு மட்டும் உடையவேயில்லை. ஒரே பாளமாய், இவர்கள் படுத்திருந்த பலகைகள் மேல் மல்லாந்து கிடந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. உடைந்த சரிவிலிருந்து தண்ணீர் தெளிவாக, அவசரமில்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்தது.

முகுந்தன்தான் முதலில் போனில் கூப்பிட்டார். பங்களா வாட்ச்மேன் சொல்லியிருப்பான்.

"ராஜன், என்ன ஆச்சு? ஆளுக்கு ஏதும்...?"

"ஆளுக்கு ஒண்ணும் இல்ல பாஸ். எல்லாரையும் வெளியேத்திட்டேன்."

"எப்படி விழும்? கல்லு போட்டுத்தானே மூடினீங்க?"

ராஜன் அழகிரியைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில், சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். சொல்ல வேண்டியது நாலு சொல்தான். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுதான்.

"ஒரு ஆளு தப்பாப் புரிஞ்சுக்கிட்டான் பாஸ். சிமெண்டைப் போட்டு அடைச்சிட்டான்."

"எவன் அவன்?"

"ஊர்லேர்ந்து வந்தவன். அழகிரின்னு."

"அனுப்பிரு லா. இதோட விட்டுச்சேன்னு நினை."

அழகிரிக்குக் கேட்டிருக்கும். சட்டியிலிருந்த டீயைக் கீழே கவிழ்த்தான். மண் உடனே குடித்துக்கொண்டது.

இறங்கி வரும்போது அழகிரி முன்சீட்டில். மற்ற நாலு பேரும் பின்னால் தார்ப்பாயின் கீழே.

"பத்துக்கு மலாய்ல என்னண்ணே?"

"செபுலோ."

"செபுலோ" என்றான். இன்னொரு தடவை, உதடு மட்டும் அசைய, சொல்லிப் பார்த்துக்கொண்டான். "அவருகிட்ட மறுபடி பேசுவீங்களாண்ணே?"

"கீழ போய்ப் பேசறேன்டா. இங்க லைன் சரியில்லை."

"சரிண்ணே."

லோரி கோம்பாக் டோலைத் தாண்டியது. மழை விட்டிருந்தது. பத்துமலை முருகன் தங்கநிறமாய்த் தெரிந்ததும் அழகிரி சட்டியைக் காலிடுக்கில் வைத்துவிட்டு, தோல் உரிந்த கைகளால் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"கல்லுமலை" என்றான், யாரிடமும் இல்லாமல்.

போன் ராஜனுக்கு எதிரே, கண்ணாடியோரம் கிடந்தது. லைன் நன்றாக இருந்தது. அவர்கள் கீழே வந்து வெகுநேரம் ஆகியிருந்தது.